மிச்சமிருந்த ஒரு வரி

லாயிட் பெட்டிக்ரூ முடிவை எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ஐலா கொர்ப்பி காட்டிய நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். அவருடைய பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் பரவுவதை, துப்பறியும் ஐலாவின் உதவியாளன் ரெமி கவனித்தான். நாற்காலி முழுவதையும் பயன்படுத்தாத ஆள் சீக்கிரம் கிளம்ப நினைக்கிறவர் என்று மனதில் குறித்துக்கொண்டான். உடனே, அது வெறும் முதுகுவலியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

"துப்பெல்லாம் துலக்க வேண்டாம், மிஸஸ் கொர்ப்பி. யார் செஞ்சதுன்னு தெரியும். நீங்க வந்து பார்த்துட்டு, ஆமான்னு ஒரு அறிக்கை எழுதிக் கொடுங்க. என் வக்கீல் கேக்கறார்."

"தெரிஞ்சதைத் திருப்பிச் சொல்றதுக்கு நான் பாதிக் கட்டணம்தான் வாங்கறது" என்றாள் ஐலா, காப்பியைக் கலக்கிக்கொண்டே. "யாரு அது?"

"கொரின் வாபூஸ். என்கிட்ட வேலை பார்க்கறவ."

தண்டர் பே நகரிலிருந்து வடக்கே போகும் லாரிகளுக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகள்தான் சாலை. எந்த ஏரிக் கடவை இன்று எத்தனை டன் தாங்கும் என்று ஓட்டுநர்களின் கைப்பேசிக்குச் சொல்வதுதான் லாயிட்டின் தொழில். பனியின் கனம், தாங்கும் எடை என்ற அளவுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. நிரலெழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் களஞ்சியத்திலேயே, அந்த நிரல்களோடு அதுவும் இருந்தது. காலையில் திறந்து பார்த்தால் நான்கு குளிர்காலத்தின் அளவுகளும் காணோம். கோப்பில் ஒரே ஒரு வரி மிச்சம். கடைசியாக மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் கொரின் வாபூஸ் என்று இருந்தது.

"திங்கக்கிழமை கூட்டத்துல என்கூட சண்டை போட்டா" என்றார் லாயிட். "ஒரு கஸ்டமர் ஸ்பூன் ஏரியில கூடுதல் எடை கேட்டாங்க. முடியவே முடியாதுன்னுட்டு கதவை அறைஞ்சிட்டுப் போனா. செவ்வாய்க்கிழமை பைலைக் காலி பண்ணிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இப்ப பைல் இல்லையா?"

"டெனிஸ் பழையபடி கொண்டுவந்துட்டான். ரெப்போல, அந்தக் களஞ்சியத்துல, பழைய வடிவம் எல்லாம் அப்படியே கிடக்குமாம். அதுவா பிரச்சனை? இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள அவளை அனுப்பணும். அளவுகளை அழிச்சவள்னு பேர் எடுத்தா, இந்தத் தொழில்ல இனி எவனும் அவளை வாசப்படி ஏத்தமாட்டான்."

"நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

லாயிட்டின் முகம் சிவந்தது. "நானா? பனிக்கட்டித் தரையில கல்லு தள்ளற கர்லிங் ஆடப் போனேன். அணியில ஒரு ஆள் குறைஞ்சது. வெஸ் டக்கரை, கஸ்டமர்களைப் பார்த்துக்கறவன், அவனை நாற்காலியிலிருந்து அப்படியே கிளப்பிட்டுப் போனேன். 'ரெண்டு நிமிஷம் இருங்க'ன்னான், விடலையே. இருட்டினப்புறம் அவன் காரை எடுக்க ஆபீஸ் வாசல்ல இறக்கிவிட்டுட்டு வீட்டுக்குப் போனேன். தோத்தும் போனோம், அதையும் எழுதிக்கோங்க."

போகும் வழியில் வண்டியை ரெமிதான் ஓட்டினான். கல்லூரியின் மாலை வகுப்பில் அவன் நிரலெழுதப் படித்துக்கொண்டிருந்தான். போன வாரப் பாடம் இதே விஷயம்தான்: களஞ்சியத்தில் இருக்கும் ஒரு கோப்பை, அதைத் தன் கணினிக்குக் கொண்டுவராமலே, இணையம் வழியாகக் கேட்டு வாங்கி, மாற்றி, திருப்பி வைப்பது. அதற்கான வாசலுக்கு ஏபிஐ என்று பெயர்.

"பேரை வெச்சு எதையும் சொல்ல முடியாது, ஐலா. மாத்தினவர் பேர்ங்கிற இடத்துல யார் பேரை வேணும்னாலும் போடலாம். சாவி சரியா இருந்தாப் போதும், வாசல் திறந்துரும்."

"என் பேரைப் போட்டு நீ அனுப்ப முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன்."

"முடியுமா, நினைக்கிறியா?"

ரெமி சிவப்பு விளக்கில் நின்றான். ஆசிரியர் பலகையில் எழுதியதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தான். "முடியும்."

"அப்ப லாயிட் கையில இருக்கறது ஒண்ணுமில்ல" என்றாள் ஐலா. "ஆனா நம்ம கையிலயும் ஒண்ணுமில்ல."

அலுவலக வாசலில் பூட்ஸ்களைக் கழற்றி வைக்கும் தட்டு இருந்தது. அதில் அடியில் ஆணி வைத்த கனத்த பனிப் பூட்ஸ் இரண்டு ஜோடி, ஓரத்தில் உப்பு பூத்துக் கிடந்தன. பக்கத்தில் பளபளப்பான தோல் காலணி ஒரு ஜோடி, ரப்பர் உறையோடு. ஐலா குனிந்து தன் பூட்ஸைக் கழற்றும் சாக்கில் அவற்றை நன்றாகவே பார்த்தாள்.

"ஆணி வெச்சது யாருது?"

"பெருசு எனக்கு, சின்னது கொரினுக்கு" என்றான் உள்ளிருந்து வந்த தாடிக்காரன். "நான் டெனிஸ் ஸ்டெல்மாக். பனி மேல போறது நாங்க ரெண்டு பேர்தான். மத்தவங்க படத்துல பார்ப்பாங்க."

கொரின் தன் மேசையில் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். காற்றில் வெடித்த கன்னம், நிமிர்ந்த முதுகு. ஐலாவை உட்காரச் சொல்லவில்லை.

"சண்டை போட்டேன், ஆமா. திரும்பக் கேட்டாலும் போடுவேன்" என்றாள். "ஆனா நான் ஏங்க அதை அழிக்கப் போறேன்? அந்த ரோட்டுல லாரி ஓட்டறவங்கள்ல பாதிப் பேர் என் சித்தப்பா பசங்க, மாமா பசங்க. அளவு இல்லேன்னா முதல்ல முங்கறது எங்க வீட்டு ஆளுதான்."

"தப்பான அளவு ஏதாவது இருந்தா அழிப்பீங்களா?"

"இங்க அழிக்கிற பழக்கமே கிடையாது. கீழே புது வரி எழுதுவோம். ஒரு கடவைக்குக் கடைசியா எது எழுதியிருக்கோ அதுதான் செல்லும். மேல இருக்கறது அப்படியே கிடக்கும். நாளைக்கு ஒரு வண்டி முங்கினா, அன்னிக்கு நாம என்ன சொன்னோம்னு தெரியணுமில்ல? நேத்து சாயங்காலம் பனியிலிருந்து வந்ததும் அப்படித்தான் கீழே ஏத்தினேன், ஒரு பெரிய கட்டு. லாயிட் கர்லிங் போயிருந்த நேரம்."

"அந்த மிச்சமிருந்த வரி என்னன்னு பார்த்தீங்களா?"

"பார்க்க எங்க விட்டாங்க? காலையிலேயே என் போனையும் கம்ப்யூட்டரையும் வாங்கி வெச்சுட்டார்."

அடுத்த அறையில் டெனிஸின் சர்வர் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. களஞ்சியம் இருந்தது அதில்தான். ரெமிக்கு டெனிஸைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. தலைமை நிரலாளர் பதவி இவனைத் தாண்டி கொரினுக்குப் போயிருந்தது. காலையில் கோப்பு காலியாக இருப்பதை முதலில் பார்த்ததும் இவன், யாரையும் கேட்காமல் பழையபடி மாற்றியதும் இவன். தடயத்தை அழிக்க அதைவிட நல்ல வழி உண்டா? கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டான் ரெமி. வாய் திறந்ததும் வரிசை கலைந்துவிட்டது.

"ஏன் அவ்வளவு அவசரமா மாத்தினீங்க?"

"லாரி ஓட்டறவன் போன்ல எல்லாக் கடவையும் வெத்தா நிக்குது, துப்பறியறவங்க வர்ற வரைக்கும் நான் டீ குடிச்சிட்டு இருக்கணுமா?" டெனிஸ் எரிந்து விழுந்தான். பிறகு சற்றுத் தணிந்தான். "என் கம்ப்யூட்டர்ல முழு நகல் இருக்கு. அதிலிருந்து தள்ளிவிட்டேன். நான் வேலை செய்யறது எப்பவும் அப்படித்தான்."

"மத்தவங்க?" என்றாள் ஐலா.

"பனி மேல நின்னுக்கிட்டு கம்ப்யூட்டரைத் திறக்க முடியாதில்ல. போன்ல திறக்கற மாதிரி ஒரு சின்னப் பக்கம் செஞ்சு வெச்சிருக்கேன். எந்த பைல், உங்க பேர், ஒரு புது வரி, அவ்வளவுதான் கேக்கும். பொத்தானை அழுத்தினா ஏபிஐ வழியா போய்க் கடைசியில ஒட்டிட்டு வந்துரும். கொரினுக்கு, எனக்கு, வெஸ்ஸுக்கு, மூணு பேருக்கும் ஒரே சாவி. வெஸ் கஸ்டமர் போன் நம்பர் மாத்தறதுக்கு வாங்கினான்."

"லாயிட்?"

"லாயிட்டா! போன்ல டார்ச் அடிக்கணும்னாலே வெஸ்ஸைக் கூப்பிடுவாரு. அவருக்குச் சாவியே கொடுக்கல."

ஐலா சர்வரின் பதிவைக் கேட்டாள். நேற்று மாலை அந்தக் கோப்பை யார் தொட்டாலும் அதில் விழுந்திருக்கும். எல்லாமே அலுவலக வைஃபையிலிருந்து, எல்லாமே அந்த ஒரே சாவியால். ஆகவே யார் என்று தெரியாது. என்ன நடந்தது என்று தெரிந்தது. ரெமி திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான்.

"நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பக்கத்துல யாரோ பைலைத் திறந்திருக்காங்க. எதுவும் எழுதல. அப்புறம் கொரின் ஏத்தின கட்டு. அப்புறம் ஆறரைக்கு எழுதப் பார்த்திருக்காங்க, மறுத்துட்டுது. உடனே மறுபடி திறந்திருக்காங்க, மறுபடி எழுதியிருக்காங்க, ஏத்துக்கிச்சு. காலியானது இந்த இடத்துல. முதல்ல ஏன் மறுத்துது?"

"கைரேகை பொருந்தல" என்றான் டெனிஸ், திரையை முறைத்தபடி. இதை அவன் இதுவரை பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பைலோட ஒவ்வொரு வடிவத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள எண் உண்டு. திருப்பி வைக்கறப்ப, நீ எந்த வடிவத்தைப் பார்த்துட்டு மாத்தறேன்னு அந்த எண்ணைச் சொல்லணும். நடுவுல வேற யாராவது மாத்தியிருந்தா எண் மாறிடும். வாசல் வாங்காது. இல்லேன்னா ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தெரியாம மிதிச்சிட்டுப் போயிடுவாரு."

"இவங்க சொன்ன எண் எந்த வடிவத்தோடது?"

"கொரின் ஏத்தறதுக்கு முந்தின வடிவம். நாலு மணியோடது."

ஐலா தலையசைத்தாள். ரெமிக்கு ஏதோ நினைவுக்கு வந்தது. வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம். சரியாகத்தான் கேட்டோமா என்று அவனுக்கே உறுதியில்லை. நெற்றியில் விழுந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டெனிஸ், அந்த வாசல்... ரொம்பப் பெரிய பைலைக் கொடுக்காது, இல்ல? ஒரு மெகாபைட்டைத் தாண்டினா கைரேகையைத் தரும், பைல் எவ்வளவு பெருசுன்னு தரும், உள்ளே இருக்கறதை மட்டும் காலியாத் தரும். அப்படித்தானே? நான் தப்பா..."

டெனிஸ் திரைக்குத் திரும்பினான். விசைப்பலகையில் எதையோ தட்டினான். கொரின் ஏற்றுவதற்கு முன் கோப்பு ஒரு மெகாபைட்டுக்கு மயிரிழை கீழே. அவள் அந்தக் கட்டு வரிகளை ஏற்றிய பிறகு அதற்கு மேலே. தாடிக்குள் அவன் முகம் வெளுத்தது.

"அழிக்காம எழுதிட்டே போனோம்" என்றான். "இவ்வளவு வளரும்னு நான் நினைக்கல. ரெண்டாவது தடவை திறந்தப்ப பக்கத்துக்குக் காலியாத்தான் வந்திருக்கு. அந்தக் காலிக்குக் கீழ அவங்க ஒரு வரியை ஒட்டித் திருப்பி வெச்சிருக்காங்க. கைரேகை சரியா இருந்ததால வாங்கிக்கிச்சு. என் பக்கம் பழைய வரியெல்லாம் காட்டாது. புது வரி எழுதற பெட்டி மட்டும்தான். எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆக யாரும் எதையும் அழிக்கணும்னு நினைக்கல" என்றாள் ஐலா. "ஒரு வரி சேர்க்கணும்னு நினைச்சாங்க. கொரின் பேர்ல. எல்லாரும் போனதைப் பத்தியே பேசறீங்க. மிச்சம் இருந்ததை எனக்குக் காட்டு."

டெனிஸ் காட்டினான். காலையில் அதைப் பழைய கோப்பின் துண்டு என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஐலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு ரெமியின் காதில் மெல்ல ஒரு வேலை சொன்னாள். அவன் டெனிஸின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மதியத்துக்குப் பின் எல்லோரும் கூட்ட அறையில் கூடினார்கள். வெஸ் டக்கர் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பெர்ஷியன் ரொட்டிகளோடு வந்தான். ரோஜா நிறச் சர்க்கரைப் பாகு பூசிய அந்த இனிப்பு ரொட்டி இல்லாமல் அந்த ஊரில் ஒரு கூட்டமும் நடக்காது.

"துக்க வீடு மாதிரி இருக்கே. சாப்பிடுங்கப்பா" என்றான். "கொரின், உனக்கு ரெண்டு."

"எனக்கு வேண்டாம், வெஸ்."

"டெனிஸ்?"

"வைய்யா அங்க."

லாயிட் தொப்பியோடுதான் இருந்தார். "அறிக்கை தயாரா?"

"பாதி" என்றாள் ஐலா. கோப்பு காலியானது எப்படி என்று நிதானமாக விளக்கினாள். யாரும் ரொட்டியைத் தொடவில்லை. "சேர்த்தது மூணு சாவிக்காரங்கள்ல ஒருத்தர். நாலு மணிக்கு முன்னாடி திறந்து வெச்சவர், எழுதறதுக்குள்ள எங்கேயோ போயிட்டார். ஆறரைக்கு வந்து, திறந்தது திறந்தபடி இருந்த பக்கத்துல பொத்தானை அழுத்தினார். நடுவுல கொரின் ஏத்தினது அவருக்குத் தெரியாது. அப்ப அது கொரின் இல்ல. தான் ஏத்தினது தனக்கே தெரியாம இருக்குமா? அப்ப டெனிஸா?"

"அவன் ஆபீஸ்லயே இருந்தானே!" என்றார் லாயிட். "வேணும்னே எதுவும் தெரியாம வெளியே போய் வந்த ஆள் மாதிரி நடிச்சிருக்கலாம்."

அதே சந்தேகம்தான் ரெமிக்கும் இருந்தது. அவன் ஐலாவைப் பார்த்தான்.

"டெனிஸ்கிட்ட முழு நகல் இருக்கு, இந்தக் குறுக்கு வாசலே அவனுக்குத் தேவையில்ல. அது போகட்டும்" என்றாள் ஐலா. "அந்த வரியைப் படிக்கிறேன். ஸ்பூன் ஏரி. நீலக்கட்டி தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். வெள்ளைக்கட்டி பூஜ்யம். முப்பத்தெட்டு டன்."

கொரின் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "முப்பத்தெட்டா? நேத்து நான் துளை போட்டுப் பார்த்தேன், அறுபத்திநாலு நீலம், மேல இருபது வெள்ளை. இருபத்திரெண்டு டன் தாண்டக்கூடாது!"

"வெள்ளை பூஜ்யமா?" என்றான் டெனிஸ். "போன வாரம் பூரா பனி கொட்டிச்சே. கெட்டியான நீலத்துக்கு மேல அது நனைஞ்சு உறைஞ்சு வெள்ளையா நிக்கும், உள்ள பூரா காத்து, பாதி பலம்தான் கணக்கு. பனி மேல ஒரு தடவை நின்னவன் பூஜ்யம்னு எழுதுவானா?"

"எழுதமாட்டான்" என்றாள் ஐலா. "பொய் நிலைக்கணும்னு நினைக்கிறவன் தெரிஞ்சே அதுல ஓட்டை போடமாட்டான். வாசல்ல ஆணி வெச்ச பூட்ஸ் ரெண்டு ஜோடிதான் இருக்கு. நேத்து சாயங்காலம் நாற்காலியிலிருந்து கிளப்பிட்டுப் போய், இருட்டினப்புறம் ஆபீஸ் வாசல்ல இறக்கிவிட்டது யாரை, மிஸ்டர் பெட்டிக்ரூ? 'ரெண்டு நிமிஷம் இருங்க'ன்னு கேட்டது யாரு?"

லாயிட் மெல்லத் திரும்பி வெஸ்ஸைப் பார்த்தார்.

வெஸ் சிரிக்க முயன்றான். விரலில் ஒட்டியிருந்த ரோஜா நிறப் பாகைக் காகிதத்தில் துடைத்தான், துடைத்த விரலையே மறுபடி துடைத்தான். "எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கறீங்க. அந்த கஸ்டமர் போயிட்டா இந்த ஆபீஸே இல்ல, தெரியுமா லாயிட்? நீங்கதான் எப்படியாவது சமாளின்னீங்க. இவ எப்பவுமே பயந்து குறைச்சுத்தான் எழுதுவா. பனி எப்பவும் கொஞ்சம் கூடத்தான் தாங்கும். பைக் ஏரியில ரெண்டு வாரமா போறாங்க, ஒண்ணும் ஆகலையே!"

பைக் ஏரி என்ற இன்னொரு கடவையைப் பற்றி அதுவரை யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

"ரெமி" என்றாள் ஐலா.

"வெள்ளை பூஜ்யம்னு இருக்கற வரியை எல்லாம் தேடிப் பார்த்தேன்" என்றான் ரெமி. "இந்தக் குளிர்காலத்துல இன்னும் ஒண்ணு இருக்கு. பைக் ஏரி. கொரின் பேர்லதான். அப்ப பைல் சின்னதா இருந்ததால ஒழுங்கா ஒட்டிக்கிச்சு. முப்பத்திரெண்டு டன். காலையில பழையபடி ஆக்கினப்ப அதுவும் சேர்ந்துதான் வந்திருக்கு. இப்பவும் அதான் செல்லும்."

"உன் பேர் இருந்ததால நான் திரும்பிப் பார்க்கல" என்றான் டெனிஸ் கொரினிடம்.

"என் பேர்ல இருக்கறதை நான் எதுக்குத் திரும்பப் படிக்கப் போறேன்?" கொரின் லாயிட்டிடம் கையை நீட்டினாள். "என் போன்."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் கட்டை விரலால் அந்தச் சின்னப் பக்கத்தைத் திறந்து, பைக் ஏரி என்று வேகமாகத் தட்டினாள்.

"அழுத்தாதீங்க!"

கத்தியது தான்தான் என்று ரெமிக்கு ஒரு கணம் கழித்தே தெரிந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இந்த முறை அவனுக்குத் தயக்கம் வரவில்லை. "பைல் இப்பவும் ஒரு மெகாபைட்டுக்கு மேலதான் இருக்கு. அந்தப் பக்கத்துல அழுத்தினா மறுபடி எல்லாம் போயிடும். டெனிஸோட நகல்ல எழுதித் தள்ளுங்க."

டெனிஸ் ஏற்கெனவே அடுத்த அறைக்கு ஓடிக்கொண்டிருந்தான். கொரின் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வடக்குச் சோதனைச் சாவடியைக் கூப்பிட்டாள்.

"ஆல்வினா? கொரின் பேசறேன். பைக் ஏரியை மூடு. ஆமா, இப்பவே, காரணமெல்லாம் அப்புறம். யாராவது போறாங்களா?" அவள் கண் சுவரில் நிலைத்தது. "யாரு வண்டி? எவ்வளவு தூரம் போயிருக்கான்?"

அவள் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். ஒரு டீசல் டேங்கர், பாதி ஏரி தாண்டிவிட்டது, திரும்ப வழியில்லை.

"நிறுத்தச் சொல்லாத. நின்னா எடை ஒரே இடத்துல இறங்கும்" என்றாள் கொரின். "மெதுவா வரச் சொல்லு. ரொம்ப மெதுவா. ஓரத்துக்கு வர்றப்ப இன்னும் மெதுவா. கதவைத் திறந்து வெச்சுக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு கருவியில் இரைச்சல் மட்டும் கேட்டது. வெஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த அறையிலிருந்து டெனிஸ் குரல் கொடுத்தான்: "வரி ஏறிடுச்சு. எல்லார் போன்லயும் மூடினதாக் காட்டுது." ரெமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கரை ஏறிட்டான்" என்றாள் ஆல்வினா. "பின்னாடி தண்ணி மேல வருது, கொரின். ஆனா ஏறிட்டான். உன்னைத் திட்டறான், கேக்குதா?"

"நல்லா திட்டட்டும்" என்றாள் கொரின். உட்கார்ந்தாள். முதுகு முதல்முறையாக வளைந்தது.

லாயிட் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கொரின், அந்தப் பெட்டியை... நீ எங்கேயும் போக வேண்டாம். அறிக்கையில உன் பேரை..."

"அந்த அறிக்கையை நீங்களே எழுதுங்க, லாயிட். கீழ உங்க பேரைப் போடுங்க" என்றாள் அவள். "என் பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்னுதான் ஆயிடுச்சே. உங்க பேரை நீங்க மட்டும் போடுங்க."

ஐலா கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் பூட்ஸ் தட்டின் அருகே ரெமி குனிந்து கயிற்றைக் கட்டும்போது, உள்ளே டெனிஸிடம் கொரின் சொல்வது கேட்டது.

"அவன் வரியை அழிச்சிட்டியா?"

"இல்ல. நீதானே அழிக்கக்கூடாதும்ப? கீழதான் எழுதினேன். பைக் ஏரி, மூடப்பட்டது. உன் பேர்ல."

"இரு" என்றாள் கொரின். "நான் வந்து படிச்சுப் பார்க்கறேன்."